சிம் இல்லாத போன்: ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய போன் வெளியே வரும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் பல ஆண்டுகள் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவன். ஒரே மாதிரி கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் சிம் போடும் இடமே இல்லை. இது என்ன போன்?

சிடிஎம்ஏ போன். ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ என்பவை போனும் டவரும் பேசிக்கொள்ளும் இரண்டு வேறு முறைகள். பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளைப் பாருங்கள். போனின் அடையாள எண் ஐஎம்இஐ என்று 15 இலக்கத்தில் இருந்தால் அது ஜிஎஸ்எம். இஎஸ்என் அல்லது எம்இஐடி என்று போட்டு, எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்து இருந்தால் சிடிஎம்ஏ. உங்கள் தொலைபேசி எண்ணை அந்த எண்ணோடு சேர்த்து நிறுவனம் முடிச்சுப் போட்டிருக்கும். சிம் தேவைப்படாததன் காரணம் அதுதான்.

இந்தியாவில் இதற்குச் சேவை தரும் நிறுவனம் எதுவும் இப்போது இல்லை. அலாரம் அடிக்கும், கால்குலேட்டர் வேலை செய்யும். அவ்வளவுதான்.

எல்லாம் செல்போன் டவர்தானே? ஏன் ஒரு போன் ஒரு டவரோடு மட்டும் பேசுகிறது?

எழும்பூரும் சென்ட்ரலும் அடுத்தடுத்த நிலையங்கள்தாம். ஆனால் எழும்பூரில் மீட்டர் கேஜ் இருந்த காலத்தில், அங்கிருந்து புறப்படும் ரயிலைச் சென்ட்ரல் தண்டவாளத்தில் ஏற்ற முடியாது. எஞ்சினில் குறையில்லை, சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் வேறு. போன் விஷயமும் அப்படித்தான். எந்த அலைவரிசையில் பேசுவது, ஒரே அலைவரிசையைப் பலருக்கு எப்படிப் பங்கு போடுவது, குரலை எப்படி எண்களாக்குவது, ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்குப் பேச்சை எப்படிக் கைமாற்றுவது என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒப்புதல்தான் தரநிலை. ஒப்புதல் வேறு என்றால் போனுக்கு டவர் வெறும் இரும்புக் கம்பம்.

ஜிஎஸ்எம் எப்படி வந்தது?

ஐரோப்பியர்கள் பட்ட அவதியிலிருந்து வந்தது. 1980-களில் அங்கே நாட்டுக்கு ஒரு செல்போன் முறை இருந்தது. நார்டிக் நாடுகளில் 1981 முதல் என்எம்டி. பிரிட்டனில் 1985 முதல் டாக்ஸ். மேற்கு ஜெர்மனியில் சி-நெட்ஸ். கார் எல்லையைத் தாண்டினால் அதில் பொருத்திய போன் ஊமையாகிவிடும். எனவே ஐரோப்பிய அஞ்சல், தொலைத்தொடர்புத் துறைகளின் கூட்டமைப்பு 1982-இல் ஒரு குழுவை அமைத்தது. 'க்ரூப் ஸ்பெஸியால் மொபில்' என்று பிரெஞ்சில் பெயர். ஜிஎஸ்எம் என்ற மூன்றெழுத்து முதலில் அந்தக் குழுவைத்தான் குறித்தது. வேறு விரிவாக்கம் பிறகு ஒட்டிக்கொண்டது.

1986-இல் பாரிஸில் மாதிரிக் கருவிகளைப் பரிசோதித்தார்கள். 1987 பிப்ரவரியில் போர்ச்சுகலின் மடெய்ரா தீவில் கூடியபோது பெரும்பாலான நாடுகள் குறுகிய அலைவரிசை வழியை விரும்பின. பிரான்சும் ஜெர்மனியும் அகன்ற அலைவரிசை வழியை விட்டுக்கொடுக்கவில்லை. அமைச்சர்கள் தலையிட்டு மே மாதம் பான் நகரில் சமாதானம் ஆனது. செப்டம்பர் 7 அன்று கோபன்ஹேகனில் 13 நாடுகளின் பிரதிநிதிகள் கையெழுத்திட்டார்கள். என்னைக் கேட்டால் ஜிஎஸ்எம் ஜெயித்தது அன்றைக்குத்தான். அதுவரை ஒரு போன்கூட விற்கவில்லை என்பது வேறு விஷயம். 13 நாடுகள் ஒரே சரக்கை வாங்குவதாக வாக்குக் கொடுத்துவிட்டால் எந்தத் தொழிற்சாலைதான் சும்மா இருக்கும்?

1991 ஜூலை 1 அன்று பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கேரி, ரேடியோலின்யா நிறுவனத்தின் சேவையில் தாம்பெரே நகரத் துணை மேயரை அழைத்துப் பேசினார். வணிக ஜிஎஸ்எம் சேவையின் முதல் அழைப்பு அது.

போன் வருவதற்கு முன்பே ரேடியோவில் 'டட்டட்-டட்டட்' என்று சத்தம் வருமே, அது ஏன்?

நல்ல கேள்வி. ஜிஎஸ்எம் எப்படி இயங்குகிறது என்பதற்கு விளக்கமே அந்தச் சத்தம்தான்.

ஜிஎஸ்எம் ஓர் அலைவரிசையை 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு வெட்டி, அதை எட்டுப் பேருக்கு முறை வைத்துக் கொடுக்கிறது. ஒரு முறைக்குக் கிடைக்கும் நேரம் 577 மைக்ரோ வினாடி; அதாவது ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். எட்டுப் பேரும் ஒரு சுற்று முடிக்க 4.615 மில்லி வினாடி. உங்கள் போன் தன் முறை வந்ததும் அலையை வீசிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. அடுத்த சுற்றில் மறுபடியும். கணக்குப் போட்டால் வினாடிக்கு ஏறத்தாழ 217 தடவை. அந்த விட்டுவிட்டு வரும் துடிப்பைப் பக்கத்திலுள்ள ஸ்பீக்கரின் கம்பி பிடித்துக்கொள்கிறது. 217 ஹெர்ட்ஸ் என்பது மனிதக் காதுக்கு நன்றாகக் கேட்கும் சுருதி. மணி அடிக்கும் முன்பே போனும் டவரும் பேசத் தொடங்கிவிடுவதால் சத்தம் முந்திக்கொள்கிறது.

சிடிஎம்ஏ போன் பக்கத்தில் இருந்தால் ரேடியோ அப்படி அலறாது. கடையில் பாட்டுப் பெட்டிக்கு அருகில் போனை வைத்தே எது எந்த வகை என்று சொல்லிவிடுவேன்.

முறை வைத்துப் பேசுவதில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தூரம் கூடினால் அலை வந்துசேரத் தாமதமாகி அடுத்தவன் முறையில் போய் விழும். போனைச் சற்று முன்னதாகவே பேசச் சொல்லி டவர் இதைச் சரிக்கட்டுகிறது. ஆனால் அதற்கும் எல்லை இருக்கிறது: சுமார் 35 கிலோமீட்டர். அதற்கு மேல் சாதாரண ஜிஎஸ்எம் அமைப்பு ஒத்துழைக்காது.

சிடிஎம்ஏ-வில் முறையே இல்லையா?

இல்லை. எல்லோரும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பேசுவார்கள். கேட்பவன் தனக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுப்பான். பலர் பல மொழியில் பேசும் அறையில் நம் மொழி மட்டும் காதில் விழுவது போல என்று வழக்கமாக உவமை சொல்வார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. ஒரு சின்னக் கணக்கே போதும்.

குமாருக்குக் குறியீடு (1, 1). ராணிக்கு (1, −1). 'ஆம்' என்றால் குறியீட்டை அப்படியே அனுப்ப வேண்டும். 'இல்லை' என்றால் குறியை மாற்றி அனுப்ப வேண்டும். குமாருக்கு 'ஆம்', ராணிக்கு 'இல்லை' என்று டவர் ஒரே சமயத்தில் அனுப்புகிறது. குமாருக்குப் போவது (1, 1). ராணிக்குப் போவது (−1, 1). காற்றில் இரண்டும் கலந்து (0, 2) ஆகிவிடுகிறது. குமாரின் போன் இதைத் தன் குறியீட்டால் பெருக்கிக் கூட்டுகிறது: 0 + 2 = 2. நேர் எண், எனவே 'ஆம்'. ராணியின் போன் தன் குறியீட்டால் பெருக்குகிறது: 0 − 2 = −2. எதிர் எண், எனவே 'இல்லை'. கலந்த பாலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் அன்னம் கதையில் மட்டும் இருந்தது. இங்கே பள்ளிக்கூடக் கணக்கில் இருக்கிறது. உண்மையான சிடிஎம்ஏ-வில் குறியீடு 2 எண் நீளம் அல்ல, 64 எண் நீளம். அலைவரிசையின் அகலம் 1.25 மெகாஹெர்ட்ஸ்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. டவருக்குப் பக்கத்தில் நிற்பவன் சத்தம் போட்டால் தூரத்தில் இருப்பவன் குரல் அமுங்கிப்போகும். அதனால் ஒவ்வொரு போனிடமும் 'கொஞ்சம் ஏற்று', 'கொஞ்சம் இறக்கு' என்று டவர் வினாடிக்கு 800 முறை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நடைமுறையில் இது ஒருநாளும் நடக்காது என்று பல பொறியாளர்கள் அடித்துச் சொன்னார்கள். 1985-இல் சான் டியேகோவில் குவால்காம் நிறுவனத்தைத் தொடங்கிய இர்வின் ஜேக்கப்ஸும் ஆண்ட்ரூ விட்டர்பியும் மற்றவர்களும் 1989 நவம்பரில் அதே ஊரில் நடத்திக் காட்டினார்கள். 1993-இல் ஐஎஸ்-95 என்ற பெயரில் அது அமெரிக்கத் தரநிலை ஆனது.

ஹெடி லமார் என்ற நடிகைதான் சிடிஎம்ஏ-வைக் கண்டுபிடித்தார் என்கிறார்களே?

லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தேலும் 1942-இல் காப்புரிமை பெற்றது உண்மை. ஆனால் அது அலைவரிசை விட்டு அலைவரிசை தாவும் முறை. குவால்காமின் சிடிஎம்ஏ தாவுவதில்லை. மேலே சொன்னபடி குறியீட்டால் பரப்புகிறது. வேடிக்கை என்னவென்றால், அலைவரிசை தாவும் வசதி எதிர்க்கட்சியான ஜிஎஸ்எம்-இல்தான் இருக்கிறது.

இரண்டில் எது சிறந்த தொழில்நுட்பம்?

சிடிஎம்ஏ. இதைச் சொன்னால் ஜிஎஸ்எம் அபிமானிகள் இன்றும் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை. ஒரே அளவு அலைக்கற்றையில் அதிகம் பேரைத் தாங்கும். பக்கத்துப் பக்கத்து டவர்களிலும் அதே அலைவரிசையைப் பயன்படுத்தலாம். டவர் மாறும்போது பழையதை விடுவதற்கு முன்பே புதியதைப் பிடித்துக்கொள்வதால் பேச்சு அறுபடுவது குறைவு.

அப்புறம் ஏன் தோற்றது?

என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பால்காரரின் போன் பால் கேனுக்குள் விழுந்துவிட்டது. அது ஜிஎஸ்எம் போனாக இருந்தால் ஐந்து நிமிட வேலை: சிம்மை எடுத்துத் துடைத்து, கடையில் கிடக்கும் ஏதாவது ஒரு போனில் போட்டுக் கொடுத்துவிடுவேன். அவருடையது சிடிஎம்ஏ. எண் போனுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது. நிறுவனத்தின் விற்பனை நிலையத்துக்குப் போய், அவர்கள் விற்கும் புதுப் போனையே வாங்கி, அதில் எண்ணை எழுதித் தரும்வரை மூன்று நாள் காத்திருந்தார். அந்த மூன்று நாளும் அவரை வாடிக்கையாளர்கள் யாரும் கூப்பிட முடியவில்லை. நான்காம் நாள் என்னிடம் வந்து ஜிஎஸ்எம் போன் வாங்கிக்கொண்டு போனார்.

சிம் என்பது ஏதோ பிளாஸ்டிக் துண்டு என்று நினைக்காதீர்கள். போன் உங்களுடையது, எண் நிறுவனத்துடையது என்று இரண்டையும் பிரித்து வைத்தது அதுதான். அதனால் பழைய போனுக்கு ஒரு சந்தை உருவானது, என் போன்றவர்களுக்குத் தெருவுக்கு ஒரு கடை உருவானது, எந்த நாட்டில் இறங்கினாலும் உள்ளூர் சிம் போட்டுப் பேசலாம் என்றானது. சிடிஎம்ஏ-விலும் ஆர்-யுஐஎம் என்ற அட்டை பிறகு வந்தது. சீனாவில் நன்றாகப் புழங்கியது. இங்கே வந்தபோது ஊர் ஜிஎஸ்எம்-க்கு மாறிவிட்டிருந்தது.

மற்றக் காரணங்களும் உண்டு. ஜிஎஸ்எம் சில ஆண்டுகள் முந்திக்கொண்டது. நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா, சீமென்ஸ் என்று பல நிறுவனங்கள் போட்டி போட்டுத் தயாரித்ததில் விலை இறங்கியது. சிடிஎம்ஏ-வில் காப்புரிமைத் தொகையும் முக்கியமான சில்லுகளும் குவால்காமைச் சுற்றியே இருந்தன. ஜிஎஸ்எம் ஒன்றும் இலவசமில்லை. அதிலும் காப்புரிமைக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் பலர் இருந்தார்கள்.

அமெரிக்காவில் ஏன் இரண்டும் இருந்தன?

எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்று அந்நாட்டு அரசு விட்டுவிட்டது. வெரைசனும் ஸ்பிரிண்ட்டும் சிடிஎம்ஏ பக்கம். பிற்காலத்தில் ஏடி அண்ட் டி-யும் டி-மொபைலும் ஜிஎஸ்எம் பக்கம். 2007-இல் வந்த முதல் ஐபோன் ஜிஎஸ்எம் மட்டும்தான். வெரைசன் வாடிக்கையாளர்களுக்குச் சிடிஎம்ஏ ஐபோன் 2011 பிப்ரவரியில்தான் கிடைத்தது, அதிலும் பேசிக்கொண்டே இணையம் பார்க்க முடியாது.

கொரியாவில்?

அரசே சிடிஎம்ஏ-வைத் தேர்ந்தெடுத்தது; 1996-இல் சேவை தொடங்கியது. குவால்காமுக்குக் காப்புரிமைப் பணம் கட்டினாலும் சாம்சங், எல்ஜி போன்ற நிறுவனங்கள் செல்போன் தொழிலைக் கற்றது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். தோற்ற கட்சியில் சேர்ந்து லாபம் பார்த்தவர்களும் உண்டு.

இந்தியாவுக்குள் சிடிஎம்ஏ எப்படி வந்தது?

பின்வாசல் வழியாக.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக் ராமை அழைத்தார். நாட்டின் முதல் செல்போன் அழைப்பு என்று அதைச் சொல்வார்கள். தொடக்க கால உரிமங்கள் ஜிஎஸ்எம்-ஐ மட்டுமே அனுமதித்தன. சென்னையில் ஸ்கைசெல், ஆர்பிஜி என்று இரண்டு நிறுவனங்கள். பின்னாளில் முதலாவது ஏர்டெல் கைக்கும் அடுத்தது ஏர்செல் கைக்கும் போயின. வரும் அழைப்புக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டிய காலம். திரையில் தெரியாத எண் மின்னினால் எடுக்காமல் துண்டித்துவிட்டு, பக்கத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து திரும்பக் கூப்பிடுவார்கள்.

இதற்கிடையில் தரைவழித் தொலைபேசி நடத்தும் நிறுவனங்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. வீட்டுக்குக் கம்பி இழுப்பதற்குப் பதிலாகக் கடைசிக் கட்டத்தை வானொலி அலையில் கொடுப்பதற்கு டபிள்யூஎல்எல் என்று பெயர். அதற்குச் சிடிஎம்ஏ பயன்பட்டது. 'கம்பியில்லாத போன் என்றால் வாடிக்கையாளர் அதைத் தெருவரை எடுத்துப்போகக் கூடாதா?' என்று கேட்டார்கள். 2001 ஜனவரியில் அரசு இடம் கொடுத்தது: எடுத்துப்போகலாம், ஆனால் ஒரே எஸ்டிடி குறியீட்டு எல்லைக்குள் மட்டும். கிட்டத்தட்ட ஒரு தாலுகா அளவு. உரிமத்துக்குக் கோடிகளைக் கொட்டியிருந்த ஜிஎஸ்எம் நிறுவனங்கள் கொதித்தெழுந்து வழக்குப் போட்டன. தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம், மறுபடியும் தீர்ப்பாயம் என்று வழக்கு அலைந்தது.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2002 டிசம்பர் 28 அன்று, திருபாய் அம்பானியின் பிறந்த நாளில், ரிலையன்ஸ் இன்ஃபோகாம் தன் சேவையை அறிமுகம் செய்தது. அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் 501 ரூபாய் கொடுத்தால் போன் கையில் என்று விளம்பரம் வந்தது. வரிசையில் நின்று வாங்கினார்கள். கொத்தனார், பூக்காரம்மா, ஆட்டோ ஓட்டுநர் கையிலெல்லாம் போன் வந்தது அப்போதுதான். மீதியை மாதாமாதம் கட்ட வேண்டும் என்பது பலருக்கு முதல் பில் வந்தபோதுதான் உறைத்தது.

2003 நவம்பரில் அரசு ஒருங்கிணைந்த உரிமம் கொண்டுவந்து, கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு தாலுகா வேலியைப் பிடுங்கி எறிந்தது. நியாயமா என்று கேட்டால், ஜிஎஸ்எம்காரர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த அநியாயம் நடக்காமல் இருந்திருந்தால் கட்டணம் அவ்வளவு சீக்கிரம் இறங்கியிருக்காது.

பிறகு என்ன ஆனது?

ஒரே நிறுவனம் இரண்டு தொழில்நுட்பத்தையும் நடத்தலாம் என்று 2007-இல் அனுமதி கிடைத்தது. சிடிஎம்ஏ-வைத் தூக்கிப்பிடித்த ரிலையன்ஸும் டாட்டாவும் சில ஆண்டுகளுக்குள் ஜிஎஸ்எம் சேவையும் தொடங்கிவிட்டன. சொந்த மாப்பிள்ளையே எதிர் வீட்டில் சாப்பிடப் போனால் ஊர் என்ன நினைக்கும்?

3ஜி-யில் ஜிஎஸ்எம்-தானே தொடர்ந்தது?

பெயரளவில். 3ஜி-க்காக ஜிஎஸ்எம் அணி உருவாக்கிய முறையின் பெயர் டபிள்யூ-சிடிஎம்ஏ. ஆம், அதே குறியீட்டு முறைதான், 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில். எட்டுப் பேர் முறை வைத்துப் பேசுவதை அவர்களே கைவிட்டுவிட்டார்கள். இதனால் எரிக்சனுக்கும் குவால்காமுக்கும் இடையே காப்புரிமைச் சண்டை மூண்டு, 1999 மார்ச்சில் சமரசம் ஆனது. குவால்காமின் டவர் கருவிப் பிரிவை எரிக்சனே வாங்கிக்கொண்டது. சிடிஎம்ஏ என்ற கட்சி தோற்றது. அதன் கொள்கை ஆட்சிக்கு வந்தது. சீனா தன் பங்குக்கு டிடி-எஸ்சிடிஎம்ஏ என்று மூன்றாவதாக ஒன்றை உருவாக்கி, 2009-இல் சைனா மொபைல் தலையில் கட்டியது.

வைமேக்ஸ் என்று ஒன்று இருந்ததே?

4ஜி பந்தயத்தில் இன்டெல் ஆதரவோடு ஓடிய குதிரை. கொரியாவில் 2006-இலும் அமெரிக்காவின் பால்டிமோரில் 2008-இலும் தொடங்கி, இன்றைய 4ஜி முறையான எல்டிஇ-யைவிட முந்தியே வந்தது. எல்டிஇ 2009 டிசம்பரில்தான் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் தலைகாட்டியது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, சிடிஎம்ஏ-வின் பெரிய வாடிக்கையாளரான வெரைசன் எல்டிஇ-க்குப் போவதாக அறிவித்துவிட்டது. மறு ஆண்டு குவால்காமும் தன் சொந்த 4ஜி திட்டமான யுஎம்பி-யை மூட்டை கட்டியது. 2010-இல் இந்திய ஏலத்தில் டெல்லி, மும்பை, ஹரியானா, கேரளா வட்டங்களின் அலைக்கற்றையைக் குவால்காமே நேரில் வாங்கியது. சேவை நடத்தும் ஆசையில் அல்ல. இங்கே எல்டிஇ வேரூன்ற வேண்டும் என்பதற்காக. பிறகு அதை ஏர்டெல்லிடம் கொடுத்துவிட்டது.

5ஜி-யில் சண்டை இல்லையா?

ஒரே தரநிலை. சண்டை இப்போது குழு அறைக்குள் நடக்கிறது. தரவில் விழும் பிழைகளைத் திருத்த எந்தக் குறியீடு என்று 2016-இல் பெரிய இழுபறி. அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் ரீனோ நகரில் பங்கு பிரித்தார்கள்: தரவுக்கு எல்டிபிசி, கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு ஹுவாவே ஆதரித்த போலார்.

நம் ஊர் பெயரும் இதில் அடிபட்டது. கிராமங்களில் டவருக்கு டவர் 6 கிலோமீட்டர் இடைவெளி இருந்தாலும் சமாளிக்கும்படி 5ஜிஐ என்ற இந்திய வடிவத்தைச் சென்னை ஐஐடி, ஹைதராபாத் ஐஐடி ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் அதை ஏற்றது. தனிக் கருவி வேண்டியிருக்கும், விலை ஏறும் என்று செல்போன் சேவை நிறுவனங்கள் எதிர்த்தன. 2021 இறுதியில் அதன் கூறுகளைப் பொதுத் தரநிலைக்குள் சேர்த்துவிடுவது என்று முடிவானது. தன்மானம் பார்த்துத் தனியாக நின்றிருந்தால் சிடிஎம்ஏ போனுக்கு நேர்ந்த கதி நம் 5ஜி போனுக்கும் வந்திருக்கும். செய்தது சரிதான் என்பது என் எண்ணம்.

சிடிஎம்ஏ பயன்படுத்திய அலைக்கற்றை இப்போது யாரிடம்?

850 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியில் இன்று ஜியோவின் 4ஜி ஓடுகிறது. சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வரும் அலை என்பதால் அதற்கு நல்ல மதிப்பு.

சிடிஎம்ஏ போன் போகட்டும். அதே அலமாரியில் ஒரு நோக்கியா 1100-உம் இருந்தது. அதுவாவது வேலை செய்யுமா?

செய்யும். 2003-இல் வந்த போன். 900, 1800 மெகாஹெர்ட்ஸ் இரண்டையும் பிடிக்கும் ஜிஎஸ்எம். ஏர்டெல் போன்ற நிறுவனங்கள் 2ஜி சேவையை இன்னும் வைத்திருக்கின்றன. ஜியோ சிம் போட்டுப் பார்த்து, கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. இன்றைய நானோ சிம்மைப் பெரிய சிம் அளவுள்ள பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்துப் போட வேண்டும். கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் புதியது வாங்குங்கள். திரை ஒளிர்ந்ததும் ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள்.